காது தெரியும் போட்டோ

அந்தச் சிறார் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்குக்கு ஆமை என்று பெயர். ஆமைகள் மானநஷ்ட வழக்குப் போடாதவரை பிரச்சினை இல்லை.

வேலை வாங்கித் தருகிறேன் என்று கூட்டிப்போய் எவனோ விற்றுவிட்ட பதினாலு வயதுப் பெண்ணைப் போலீஸ் மீட்டது. மீட்ட கையோடு அவள் மேலேயே ஒரு கேஸும் போட்டது. 'பாதுகாப்பு' என்று மூணு மாசமாக அவளைத்தான் பூட்டி வைத்திருக்கிறார்கள். விற்றவனும் வாங்கினவனும் வெளியே சௌக்கியம்.

அவளுக்காக வாதாட வந்த ஜூனியர் வக்கீலம்மா அவளை எப்படியாவது வெளியே எடுத்துவிட அலைந்தாள். நல்லவேளையாக ஒரு சித்தப்பா தானாகவே தேடி வந்தார். வெள்ளைச் சட்டை, அடக்கம், கண்ணில் ஈரம். அவரிடம் பெண்ணை ஒப்படைக்கச் சொல்லி வக்கீலம்மாவே மனு எழுதினாள்.

நீதிபதியும் தலையாட்டினார். பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். 'ஆட்சேபம் இல்லை' என்று எழுதிக்கொண்டார்கள்.

காகிதம் சரிபார்ப்பதுதான் பாக்கி. ஆமை ஆரம்பித்தார். சித்தப்பா போட்டோவில் முகம் தெளிவில்லை என்றார். வேறு எடுத்து வந்தால் காது தெரியவில்லை என்றார். காது தெரிந்ததும், பக்கவாட்டில் ஒன்று வேண்டும் என்றார். பாவம், சித்தப்பா மூணு தடவை ஸ்டுடியோவுக்கு நடந்தார்.

மணி நாலரை. வக்கீலம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"உங்க வீட்டுல பொம்பளப் பிள்ளையே கிடையாதா சார்?"

"ரெண்டு இருக்கு மேடம். ரிக்கார்டு ரூம்ல ஒரு பழைய கேஸ் கட்டு தேடச் சொல்லியிருக்கேன். வந்துடும்."

எங்கள் கேஸுக்குப் பழைய கட்டு எதற்கு என்று அவள் பொரிந்து தள்ளினாள். ஆமை பக்கவாட்டுப் போட்டோவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

ஒருவழியாக பியூன் தூசி தட்டியபடி கட்டைக் கொண்டுவந்தார். ஆமை அதைப் பிரித்து, உள்ளே இருந்த போட்டோவுக்குப் பக்கத்தில் புதுப் போட்டோவை வைத்தார். நுனி கிழிந்த அதே காது. அந்தப் பழைய கேஸ் கட்டில் இருந்தது வேறொரு பெண்ணின் பெயர். இதே ஆள் அப்போது அவளுக்குத் தாய்மாமா.

வக்கீலம்மா தான் எழுதிய மனுவை இழுத்து எடுத்துக்கொண்டாள். வாசலைப் பார்த்தாள். சித்தப்பாவின் இரண்டு பக்கமும், ஆமை முன்பே வரச்சொல்லியிருந்த போலீஸ் நின்றது.

"அன்னைக்கே இவனைச் சந்தேகப்படலையா சார்?"

ஆமை கட்டைத் திரும்பக் கட்டினார்.

"அன்னைக்கு நான் சுறுசுறுப்பு மேடம். அரை மணி நேரத்துல பிள்ளைய ஒப்படைச்சுட்டேன். அந்த வருஷம் வேகமா வேலை செஞ்சதுக்கு எனக்குச் சான்றிதழ்கூடக் கொடுத்தாங்க. அந்தப் பிள்ளையத்தான் இன்னும் தேடிக்கிட்டிருக்காங்க."