தொலைந்துபோகும் வண்டி

"இந்த வரிசையிலதான் விட்டேன். காணோமே," என்றார் அப்பா.

"அதுக்குக் காலா முளைச்சிருக்கு, எழுந்து போக?" அம்மா ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள்.

கூட வந்த மகள் வரிசை முழுவதையும் கண்ணால் துழாவினாள். கடைக்குப் போகும்போதெல்லாம் அப்பா காரைத் தொலைக்கிறார் என்று தம்பி சொன்னபோது அவள் நம்பவில்லை. இன்று அம்மாவையும் அவளையும் கடை வாசலில் இறக்கிவிட்டு அவர்தான் காரை நிறுத்திவிட்டு வந்தார். அதற்குள் மறந்துவிட்டது.

"நம்ம முதல் சைக்கிளையும் இப்படித்தான், சினிமாக் கொட்டகையிலயே விட்டுட்டு நடந்து வீடு வந்து சேர்ந்தோம். ஞாபகம் இருக்கா?" என்றார் அப்பா. அம்மா சிரித்தாள்.

பழசெல்லாம் ஞாபகம் இருக்கிறது, இன்றையதுதான் இல்லை. மகளுக்கு அதுவே இன்னும் பயமாக இருந்தது.

"அப்பா, போனைக் கொடுங்க. வண்டியை விட்டு இறங்கினதுமே அது தானா இடத்தைக் குறிச்சு வெச்சுக்கும். நேத்துதானே போட்டுக் கொடுத்தேன்."

"சார்ஜ் இல்லம்மா."

வாங்கிப் பார்த்தாள். சார்ஜ் நிறைய இருந்தது. கார், கடை வாசலுக்கு நேர் எதிரே, பெரிய தூணுக்குப் பின்னால் இருப்பதாக வரைபடம் காட்டியது.

அப்பா அவளைத் தள்ளி அழைத்துப் போனார். "அம்மா காதுல போட்டுடாதே. ஆபரேஷனுக்கு அப்புறம் தினமும் நடக்கணும்னு டாக்டர் சொன்னார். வான்னா முழங்கால் வலிக்குதும்பா. வண்டியைத் தேடணும்னா மட்டும் என்னைத் திட்டிக்கிட்டே சுத்தி வந்துடுவா."

"அப்போ உங்களுக்கு மறதியெல்லாம் இல்லையே?"

"எதையாவது மறக்க உங்கம்மா விடுவாளா?"

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பா அடுத்த வரிசையை நோட்டம் விடுவதுபோல் முன்னால் போனார்.

அம்மா வந்து அவள் கையைப் பிடித்தாள். "அவர் போன்ல என்னமோ போட்டுக் கொடுத்தியே, அதை எடுத்துடு."

"ஏம்மா?"

"வீட்டுல டிவியே கதின்னு கிடப்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார். இங்கதான் வாயைத் திறந்து என்கிட்ட பேசிக்கிட்டே வர்றார்." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்கு அந்தத் தூணுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கார்."

பிறகு ஊன்றுகோலைத் தூக்கி, தூணுக்கு நேர் எதிர்த் திசையைக் காட்டினாள். "என்னங்க, அந்தக் கோடியில இன்னும் பாக்கலையே."