புயல் இருந்த இடம்

பழைய நூலகம் ஒன்றின் அலமாரியில் இரண்டு புத்தகப் பூச்சிகள் இருந்தன. ஒன்று மேல்தட்டில், மற்றது கீழ்த்தட்டில். பார்க்கும்போதெல்லாம், "இப்ப என்ன படிச்சிட்டிருக்கே?" என்றுதான் கேட்டுக்கொள்ளும். ஒருநாள் மேல்தட்டுப் பூச்சி, "கப்பல் கதை. புயல் வர்ற இடத்தை விட்டுடாதே" என்றது.

கீழ்த்தட்டுப் பூச்சி அன்றே மேலே ஏறிப் படிக்கத் தொடங்கியது. கப்பல் புறப்பட்டது. வானம் கறுத்தது. அடுத்து தாளில் ஒரு பெரிய ஓட்டை. அதைத் தாண்டினால், மாலுமி கரையில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

"புயலைக் காணோமே. இவன் எதுக்கு அழறான்?"

மேல்தட்டுப் பூச்சி தலை குனிந்தது. "ரொம்பப் பிடிச்சிருந்தது. தின்னுட்டேன்."

"சரி, என்ன நடந்ததுன்னு நீயே சொல்லு."

அது நெடுநேரம் யோசித்தது. "ருசிதான் ஞாபகம் இருக்கு."

இரண்டும் ஓட்டையின் விளிம்பில் உட்கார்ந்து, மாலுமி யாரை இழந்திருப்பான் என்று பேசிப் பார்த்தன. தம்பியா, நண்பனா, நாயா? தெரியவில்லை.

மறுவாரம் வேறொரு புத்தகத்தில் அருமையான ஒரு பக்கம் வந்தது. மேல்தட்டுப் பூச்சி வாயை இறுக மூடிக்கொண்டு கீழே ஓடியது.

"சீக்கிரம் வந்து படி. ரொம்ப நேரம் என்னால தாங்க முடியாது."