உள்ளங்கால் கூச்சம்

ஆம்பூர் தோல் தொழிற்சாலை வாசலில் மறுபடியும் பாடையைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. கழிவுத் தொட்டியில் ஆளை இறக்காதே என்று நடக்கும் ஒவ்வொரு போராட்டத்திலும் இதே நாடகம்தான். அங்கே வேலை செய்யும் அருணகிரி போராட்டத்துக்குப் பாட்டுக் கட்டி, அவனே பிணமாகப் படுப்பான். அவன் தாய் சம்பூர்ணம் அதை ஒப்பாரியாகப் பாடுவாள்.

"இன்னாம்மா, இன்னிக்கும் புள்ளைய சாகடிச்சிட்டியா?"

அவள் பாடிக்கொண்டே இருந்தாள்.

லத்தி நுனியால் அவன் உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினார். போன தடவை சிரித்துத் துள்ளி எழுந்தவன், இன்று அசையவில்லை.

"பையன் நல்லா நடிக்கக் கத்துக்கினான்!"

பாட்டு நின்றது. சம்பூர்ணம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இன்னொருவாட்டி மூட்டுங்க சார். காலைல தொட்டியிலேர்ந்து தூக்கியாந்ததுலேர்ந்து நானும் எழுப்பிப் பாக்குறேன், எழுந்திருக்க மாட்டேங்குறான்."