ஹலினா வைத்த வெறுந்தட்டு

குணரத்தினம் எனும் பெயரும் எழுபத்து மூன்று வயதும் உடைய நான், கனடாவின் மொன்றியால் மாநகரின் லாசால் பகுதியிலே, அடுக்குமாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் கண்டதையும் கேட்டதையும் கூட்டாமல் குறையாமல் இங்கே எழுதுகிறேன்.

"இரக்கமில்லாத மனிசி, அண்ணை," என்றார் நண்பர் அருமைராசா, தம் வீட்டு மேசையில் சீட்டைக் கலைத்தபடி. "எங்கடை வீட்டிலை ஒரு பாட்டுப் போடேலாது. உடனை சுவரிலை இடிக்கிறாள்."

அவர் ஏசியது பக்கத்து வீட்டுப் போலந்துக்காரி ஹலினாவை.

"இண்டைக்கு அவவுக்கு நத்தார் விருந்து. ஆள் தனிக்கட்டை, மேசையிலை ரெண்டு தட்டு! செத்த புருசனுக்குப் படைக்கிறாள் போலை."

"நீ எப்ப கண்டனீ?"

"குப்பை போடப் போகேக்கை. மீன் பொரிச்ச மணம் போகக் கதவை ஆவெண்டு திறந்து விட்டிருக்கிறாள்."

கிறிஸ்மஸுக்கு முதல்நாள் அது. வெளியே மத்தியானம் தொடங்கிய பனி ஓய்ந்தபாடில்லை. சீட்டைப் பகிர்வதற்குள் கதவு தட்டப்பட்டது. அருமைராசா சங்கிலியைக் கழற்றாமலே திறந்தார்.

தலையெல்லாம் நனைந்து, பெட்டியும் கையுமாக ஓர் இளம்பெண் நின்றாள்.

"ஐயா, என்ரை பேர் சிவாஜினி. ரெண்டு கிழமைக்கு முந்தித்தான் நாட்டிலை இருந்து வந்தனான். பக்கத்துக் கட்டடத்திலை அறை தாறன் எண்டவர் போனை நிப்பாட்டிப் போட்டார். பஸ்ஸும் ஓடேல்லை. குளிருக்கு இந்தக் கட்டடத்துக்கை ஏறி வந்து, உங்கடை கதவிலை மாவிலைத் தோரணம் கண்டிட்டுத் தட்டினனான். இண்டைக்கு ஒரு ராவுக்கு மட்டும்…"

தோரணம் பிளாஸ்டிக்கால் ஆனது. அதன்கீழே கிடந்த கால்மிதியில் 'நல்வரவு' என்று எழுதியிருந்தது.

"எந்த ஊர், பிள்ளை?"

"யாழ்ப்பாணந்தான், ஐயா."

"அது பெரிய இடமெல்லே. யாழ்ப்பாணத்திலை எந்த ஊர்? எந்தக் கோயிலடி? ஆரின்ரை மகள்?"

சாதியை வாய்விட்டுக் கேளாமல் கேட்பதற்கு எம்மவர் கண்டுபிடித்த வழி அது. சிவாஜினி அதை அறியாதவள் அல்லள். பெட்டியை மறு கைக்கு மாற்றினாள்.

"அருமை, கதவைத் திற. பிள்ளை நனைஞ்சு நிக்குது," என்றேன்.

"பொறுங்கோ, அண்ணை. விசாரியாமல் ஆரையும் உள்ளை விடேலாது."

அப்போது பக்கத்துக் கதவில் ஹலினா தோன்றினார். கையிலே மீன் புரட்டும் கரண்டி. பெண்ணைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், சாண் அகலமே திறந்திருந்த எங்கள் கதவையும் பார்த்தார்.

"கோஷ்ச்!" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

அருமைராசாவுக்குப் பதற்றம் பிடித்தது. சங்கிலியை இழுத்தெறிந்து, வெறுங்காலோடு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். இருவரும் ஹலினாவின் வாசற்படியில் நின்றோம்.

"பிள்ளை, அந்தத் தட்டுக்கு முன்னாலை இராதை! அது செத்தவருக்கு வைச்ச படையல்!"

உட்காரப்போன சிவாஜினி திடுக்கிட்டு எழுந்தாள். ஹலினா விளங்காமல் விழித்தார்.

"இரு, பிள்ளை. அது படையல் இல்லை," என்றேன். டோர்வல் விமானத்தளத்து உணவுக்கூடத்தில் இருபது ஆண்டுகள் போலந்துக்காரரோடு வேலை செய்தவன் நான். அவர்களுடைய சொற்களையும் வழக்கங்களையும் துருவித் துருவிக் கேட்டு வைத்திருந்தேன். "நத்தாருக்கு முதல்நாள் இவையள் ஒரு தட்டு கூட வைப்பினம். சொல்லாமல் வாற ஆளுக்கு. அந்த ஆள்தான் 'கோஷ்ச்', விருந்தாளி."

"எந்த ஆள்?" என்றார் அருமைராசா.

"ஆரெண்டு தெரியாத ஆள். பழைய காலத்திலை அந்தச் சொல்லுக்கு வேற்றூரான், வழியிலை வந்த வியாபாரி எண்டுதான் கருத்து. இப்ப றோட்டிலை போற 'ஆள்' ஒருத்தனையும் பகிடியா அப்பிடிச் சொல்லுவினம். எங்கடை 'விருந்து'ம் முந்திப் புதுமை எண்ட கருத்துத்தான். லத்தீனிலையும் அந்தச் சொல்லுக்கு ஒரு சொந்தக்காரச் சொல் இருக்கு. அது கடைசியிலை பகைவன் எண்டு ஆகிப் போச்சு."

"பகைவனோ!" அருமைராசாவின் முகம் மலர்ந்தது. "பாத்தியளே? அதுதான் நான் விசாரிச்சனான்!"

"லத்தீன்காரர் பகைவன் எண்டு முடிச்சினம், அருமை. இவையள் விருந்தாளி எண்டு முடிச்சினம்."

அவர் சற்றே தணிந்தார். "அதுக்கென்ன, அண்ணை. வெள்ளைக்காரருக்கு ஊர் பேர் கேக்கிற பழக்கம் இல்லை. அவை அப்பிடிப் பிறந்த சனம்."

அதை நான் ஆங்கிலத்தில் ஹலினாவுக்குச் சொன்னேன். மீனை அந்தத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். அது மகிழ்ச்சிச் சிரிப்பு அன்று.

"பழக்கம் இல்லையா? எண்பத்திரண்டாம் ஆண்டு, நத்தாருக்கு முதல்நாள் மாலை, இதே ஊரில், ஒரு பெட்டியோடு எங்கள் நாட்டவர் ஒருவருடைய கதவைத் தட்டினேன். அவரும் இவ்வளவுதான் திறந்தார்." கையால் ஒரு சாண் காட்டினார். "எந்த ஊர்? யாருடைய மகள்? கம்யூனிஸ்ட் கட்சிக்காரரின் பிள்ளையா? உங்கள் மொழி எனக்குத் தெரியாது, ஐயா. அந்தக் கேள்விகளை எனக்கு நன்றாகத் தெரியும்."

"பிறகு?" என்றேன்.

"பிறகென்ன, கதவு மூடியது. மூடுமுன் அவர் தோளுக்கு மேலால் மேசை தெரிந்தது. அதிலே வெறுந்தட்டு வைத்திருந்தார்கள்."

இதையும் நான் தமிழில் சொன்னேன். அருமைராசா தம் வெறுங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிவாஜினியின் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி… மகன் ரொறன்ரோவுக்குப் போனதிலை இருந்து அவன்ரை அறை சும்மாதான் கிடக்கு. வாங்கோவன்."

சிவாஜினி மீன்துண்டை மெல்லப் பிட்டாள்.

"நான் எந்த ஊரெண்டு உங்களுக்கு இன்னும் சொல்லேல்லையே, ஐயா."

ஹலினா கதவைச் சாத்தினார்; நாங்கள் வெளியே நின்றோம். சிவாஜினி இருக்கப்போவது ஹலினாவின் வீட்டில்தான் என்று முடிவான நாள்: 2024ஆம் ஆண்டு டிசம்பர் 24, செவ்வாய்க்கிழமை.