பூட்டிய ஷட்டருக்குள்ளே

கீழே இறங்கிய ஷட்டர் தரையில் மோதி நின்றது. வெளிப்பக்கம் பூட்டு மாட்டும் சத்தம் கேட்டதும் ஸ்கிப்பிங் கயிற்றை நிறுத்தினான் அய்யப்பன்.

"இன்னா மாஸ்டர், யாரோ பூட்டறாங்க?"

"பூட்டினா பூட்டட்டும். உன்ன நிறுத்தச் சொன்னனா? குதி!" எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் பூமாலை.

கள்ளக்குறிச்சியில் ஒரு பழைய நெல் குடோனை வாடகைக்கு எடுத்துக் கிக் பாக்ஸிங் சொல்லித்தருகிறவர் அவர். ஞாயிறு என்றால் எல்லாப் பையன்களையும் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போய்க் கரியாலூர் ரோட்டில் ஓடவிடுவார். இன்று அய்யப்பனை மட்டும் குடோனுக்கு வரச்சொல்லியிருந்தார்.

"ஒம்போதரைக்கு நான் போவணும் மாஸ்டர். பத்து மணிக்கு மறியல்."

"தெரியும். பேசாம குதி."

இடஒதுக்கீடு கேட்டு நான்கு முனை ரோட்டில் மறியல். வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்தே தீர வேண்டும், வராத வீட்டின் நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் போகக்கூடாது என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லியிருந்தார் சாதிச் சங்கத்துச் செயலாளர் சின்னக்கண்ணு. அய்யப்பனின் அப்பா.

அவர் மகனே போகாவிட்டால் ஊரில் எந்த முகத்தோடு நடப்பது?

ஸ்கிப்பிங் முடிந்தது. மூன்று நிமிஷம் நிழலோடு சண்டை, ஒரு நிமிஷம் மூச்சு. மறுபடி மூன்று நிமிஷம். அப்புறம் பூமாலை இரண்டு கையிலும் உதை வாங்குகிற மெத்தைப் பேடை மாட்டிக்கொண்டார்.

"வலது கால் அம்பது, எடது கால் அம்பது. காலால ஒதைக்காத, இடுப்பத் திருப்பி ஒதை. கோழி சீய்க்கிற மாதிரி ஒதைக்கிற!"

நூறு முடிந்தபோது அய்யப்பனின் கணுக்காலுக்கு மேலே தோல் சிவந்து தடித்திருந்தது. சுவர்க் கடிகாரம் ஒன்பது நாற்பது காட்டியது. அவன் ஷட்டரைத் தூக்கிப் பார்த்தான். அசையவில்லை. ஜன்னலில் கம்பி. செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும் என்பது மாஸ்டரின் சட்டம்.

"வெளிய வுடுங்க மாஸ்டர்."

"இன்னும் தொங்கற பேக்குல குத்தல. வயித்துக்குப் பயிற்சி பண்ணல. அதுக்குள்ள இன்னா அவசரம்?"

அவனுக்குச் சுருக்கென்று பிடிபட்டது. பூமாலை கருணாபுரத்துக்காரர். வேறு சாதி.

"நாங்க எதனா கேட்டா ஒங்களுக்கு வயிறு எரியுது. அதுக்குத்தான ஆள் வெச்சுப் பூட்டனீங்க?"

பேடு அவன் காதில் பளாரென்று விழுந்தது.

"பேசறப்ப ஒன் கை கீழ எறங்குது பாரு. மேல வெய்யி!"

பத்து மணிக்கு மைக் சத்தம் குடோன் வரைக்கும் வந்தது. சின்னக்கண்ணுவின் குரல். "வூட்டுக்கு ஒரு புள்ளையக் குடுத்திருக்கிறோம்! லத்திக்கும் பயப்பட மாட்டோம், ஜெயிலுக்கும் பயப்பட மாட்டோம்!"

"ஒங்கப்பாரு நல்லாப் பேசறாரு," என்றார் பூமாலை. சிரிக்கவில்லை. "கிளவுஸ மாட்டு. எங்கூட சண்ட போடு."

அய்யப்பன் வெறியோடு மாட்டினான். முதல் ரவுண்டில் அவன் வீசிய குத்தெல்லாம் காற்றில் போனது. மாஸ்டரின் கால் அவன் தொடையில் இரண்டு தடவை இறங்கியது, மூன்றாவதில் நொண்டினான்.

"இம்மாத்தான் ஒன் வீரமா? மறியலுக்குப் போயி இன்னா கிழிக்கப் போற?"

அப்போதுதான் மைக் பாதியில் நின்றது. கண்ணாடி நொறுங்கும் சத்தம். அலறல். அடுத்தடுத்து விசில். ஓடும் கால்களின் சத்தம் குடோனைத் தாண்டிப் போனது. யாரோ கத்தினார்கள்: "வெற்றிவேல வேன்ல ஏத்திட்டாங்கடா! நம்ம பசங்க எல்லாரையும் ஏத்தறாங்க!"

வெற்றிவேல் அவனுடைய உயிர் நண்பன். முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவதாகப் பேச்சு.

அய்யப்பன் என்ன செய்தான் என்று அவனுக்கே தெரியாது. இடுப்பு தானாகத் திரும்பியது. கால் மாஸ்டரின் விலாவில் போய் வெடித்தது. பூமாலை மல்லாந்து விழுந்தார். உதட்டோரம் ரத்தம். அவன் கிளவுஸை உருவி எறிந்துவிட்டு அவருடைய பனியனைப் பிடித்துத் தூக்கினான்.

"சாவியக் குடு! ஜன்னல்ல போட்டு யாரையாவது தெறக்கச் சொல்றேன்!"

"குடுத்தா?" மூச்சு வாங்கியது அவருக்கு. "நீயும் வேன்ல ஏறுவ. ஒரு கேஸு, ஒரே ஒரு கேஸு வுழுந்தாப் போதும். போலீஸு பரீட்ச பாஸ் பண்ணிட்டு ஓட்டத் தேர்வுக்குக் காத்துக்கினு கீற, எல்லாம் காலி."

"என் வேல போனா ஒனக்கு இன்னா? வெற்றிவேலு போலீஸுக்கு எழுதலியா? அவனுக்கு வேல வாணாமா?" கண்ணில் நீர் முட்டியது அவனுக்கு. "எங்கப்பாரு மட்டும் அங்க தனியா நிக்கறாரு. நீ பூட்டிக்கினு இங்க என்னப் பொட்டையாக்கற. சாவி எங்க, சொல்லு!"

பூமாலை வாயில் இருந்த ரத்தத்தைத் துப்பினார். அவன் கையைப் பனியனிலிருந்து மெதுவாக விலக்கினார்.

"எங்கிட்ட ஏதுடா சாவி? வெளிய பூட்டிக்கினு போனதே ஒங்கப்பாருதான்."