வாசலில் கழற்றியவை

"கூடாரத்துக்கும் செருப்புக் கழட்டோணுமோ?" என்று மகேசன் நேற்றுச் சிரித்தான்.

"படுக்கிற இடம் வீடுதானே, கழட்டுங்கோ" என்றாள் மனைவி வசந்தமலர்.

ஒரே நகரத்துக்குள் நியூ லின், லின்ஃபீல்ட் என்று வாடகை வீடுகள் மாறிமாறியே களைத்தவள். அடுத்த மாதம் நாடே மாறிப் பிரிஸ்பேனுக்குக் குடிபோவதாக அவன் முடிவெடுத்திருந்தான்.

அவர்கள் கூடாரம் அடித்திருந்த கடலோரப் பூங்காவில் முன்பு ஒரு ஊரே இருந்ததாம்; ஆட்களைக் கிளப்பிவிட்டார்களாம். இப்போது வெறும் புல்.

விடிய எழுந்து கூடாரத்தைத் திறந்தாள். அவர்களுடைய செருப்புகளுக்குப் பக்கத்தில் பெரிதும் சின்னதுமாய்ப் பழைய சப்பாத்துகள், நனைந்தபடி, ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. புல்லில் வந்த தடங்கள் இருந்தன. போன தடம் இல்லை. உள்ளே மகேசன் மட்டும்தான், யாருக்கோ இடம் விட்டதுபோல் ஓரமாக ஒதுங்கிப் படுத்திருந்தான்.

அவள் அந்தச் சப்பாத்துகளை நகர்த்தவில்லை.

"இஞ்சாருங்கோ" என்று அவனை எழுப்பினாள். "இனி வீடு மாற வேண்டாமப்பா. என்னால ஏலாது."