சாம்பியன் ஒத்துக்கொண்ட நாள்

சாம்பியன் கடைசியில் குத்துச்சண்டை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். காலையில் போனில் செய்தியைப் பார்த்ததும் சகாயமேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

அந்த ஒரு சண்டைக்காக அவள் புருஷன் எபினேசர் ஆறு வருஷம் காத்திருந்தான். அவனோடு மோதினால் சாம்பியன் தோற்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று தினமும் விடியும்போது போனில் ஒரு எண் வரும். அந்த எண் முப்பதைத் தாண்டியவனோடு எந்தச் சாம்பியனும் மேடை ஏறுவதில்லை. இந்தச் சாம்பியன் நாற்பது சண்டையில் தோற்காதவன்; எவ்வளவு பணம் பேசினாலும் அந்தப் பேரை விடமாட்டான். எபினேசரின் எண்ணோ அறுபதுக்குக் கீழே இறங்கியதே இல்லை. ராயபுரமே அதைப் பெருமையாகச் சொல்லும். மோதத்தான் ஆள் வராது.

"அவனுக்கும் ரோஷம் வந்துடுச்சு போல," என்றாள். வழக்கம்போல, பயிற்சிக்குப் போகுமுன் எபினேசரின் வலது கையில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ரோஷமாவது ஒண்ணாவது. இன்னிக்கு நம்பர் இன்னான்னு பாரு."

பார்த்தாள். இருபத்திரண்டு.

"நேத்து அறுபத்தொண்ணு இருந்துச்சே. எதுனா தப்பா இருக்கும்."

"அது தப்பா சொல்லி நீ பாத்திருக்கியா? நேத்து நல்லாத்தான் ஓடினேன். எனக்கு ஒரு வலிகூட இல்ல மேரி."

அவள் வலது கைத் துணியை முடிச்சுப் போட்டுவிட்டு இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"விரலை நல்லா விரி."

"விரிச்சுத்தானே வச்சிருக்கேன்," என்றான்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியே இருந்தன.